குலவைக்கு ஆராய்ச்சி இல்லை

என் க்ளினிக்கில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழக்கம் என்னுடையதுதான். பல்லுக்குக் கம்பி கட்ட வருகிறவர்களிடம் நான் ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லிவிட்டு, அது எவ்வளவு நிச்சயம் என்பதையும் கையோடு சொல்லிவிடுவேன்.

"கம்பி கட்டினா பல் நகரும். இது நல்லாத் தெரிஞ்ச விஷயம். கழட்டினப்புறம் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். இதுவும் நல்லாத் தெரியும். திரும்பாம இருக்க எந்த மாதிரி ரிடெய்னர் போட்டா நல்லதுன்னு கேட்டா, அதுக்கு இன்னும் சரியான பதில் கிடையாது. ஆராய்ச்சி நிறைய இருக்கு. ஆனா அதெல்லாம் பலவீனமான ஆராய்ச்சி."

இராமநாதபுரத்தில் இப்படிப் பேசிக்கொண்டு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் பாதிப் பேச்சிலேயே எழுந்துபோய் வேறு டாக்டரைத் தேடிக்கொள்வார்கள். அங்கே எல்லாமே நூறு சதவீத கேரண்டி. என் உதவியாளர் நஃபீசா தினமும் பாம்பனிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். "மேடம், தெரியாதுங்கிற வார்த்தைய ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல சொல்லாதீங்க" என்று எனக்கு ரேஷன் போட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்பதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்கு நேர்மை என்று பெயர் வைத்து, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன்.

பூமயில் வந்தது வைகாசி மாதத்தில். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், மிளகாய்க் காட்டில் வேலை. மேல்வரிசை முன்பற்கள் நன்றாக வெளியே தள்ளியிருந்தன. உதடு மூட வேண்டுமென்றால் அவள் முயற்சி செய்துதான் மூட வேண்டும். என்னிடம் பேசும்போதுகூட ஒரு கை மோவாய்க்குப் பக்கத்திலேயே காவல் நின்றது.

"எதுக்காகக் கம்பி கட்டணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"சிரிச்சு முடிக்கணும் டாக்டரம்மா."

எனக்குப் புரியவில்லை.

"சிரிக்க ஆரம்பிக்கிறேன். பாதிலயே கை வந்து வாயைப் பொத்திருது. பள்ளிக்கூடத்துல என்னையத் தேங்காத்துருவின்னு கூப்புடுவாங்க. அப்ப ஆரம்பிச்ச பழக்கம். கல்யாணமாகி, பிள்ளைக பெருசாகி, இன்னும் ஒரு சிரிப்பை முழுசாச் சிரிச்சதில்ல."

பதினைந்து வருடமாக இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் வருகிறது, போட்டோவில் நன்றாக இல்லை, அம்மா கட்டச் சொன்னாள் என்றுதான் காரணங்கள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒருத்தர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக் கேட்டதில்லை. அந்த நிமிடமே அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

பிடித்துப்போனதால் சும்மா இருந்தேனா? இல்லை. வழக்கமான பாட்டைப் பாடினேன். நான்கு பற்களை எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வருடத்துக்குக் குறையாது. முன்பல் உள்ளே வரும், அது நிச்சயம். முகம் எவ்வளவு மாறும் என்பதை முன்கூட்டியே அளந்து சொல்ல முடியாது. மனதுக்குத் தைரியம் வரும் என்பார்கள். கொஞ்சம் வரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அந்த ஆதாரம் அவ்வளவு உறுதியானது இல்லை.

நஃபீசா எனக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டாள். பூமயில் எழுந்து போகவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளுங்க."

"கம்பி கட்டுனா குலவை போட வருமா?"

அவள் ஊரில் முதல் குலவையை எடுக்கிறவள் அவள்தானாம். முளைப்பாரி ஆகட்டும், களையெடுப்பின் முதல் நாள் ஆகட்டும், ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கட்டும், பூமயில் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் சேர்வார்கள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

"ஊருக்குள்ள எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள். "குலவை போடையில எல்லாருமே வாய்க்கிட்ட கைய வச்சுக்குவாக. அந்த நேரம் நான் பல்லை மறைக்கேன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே மறந்துரும். பல்லைச் சரி பண்ணப் போயி குலவை போச்சுன்னா, அப்புறம் நான் என்னத்த வச்சு நிமிந்து நடக்க?"

குலவையில் நாக்கு முன்பல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பல் நகர்ந்தால் காற்று போகிற வழி மாறும். கம்பி இருந்தால் உதடு உராயும். மாறலாம், மாறாமலும் இருக்கலாம்.

"தெரியாது" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே பிடிக்காமல் போனது அன்றுதான் முதல் முறை.

"தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன்.

தேடினேன். ஊதுகிற வாத்தியம் வாசிப்பவர்களுக்குக் கம்பி கட்டினால் என்ன ஆகும் என்று சில ஆய்வுகள் இருந்தன. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு. கொஞ்சம் பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து எழுதி வாங்கியவை. முதலில் கஷ்டமாக இருக்கிறது, போகப்போகப் பழகிவிடுகிறது என்கிற மாதிரி முடிந்தன. குலவையைப் பற்றி ஒரு வரி இல்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பற்களை நகர்த்தியிருக்கிறோம். ஒரே ஒரு பெண்ணிடமாவது, அம்மா, இப்போது உனக்குக் குலவை வருகிறதா என்று கேட்டு யாராவது எழுதி வைத்திருக்கக்கூடாதா? எனக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டாவது தடவை பூமயில் கணவரோடு வந்தாள். பெயர் தனுஷ்கோடி. கடல் முனையின் பெயரை வைத்துக்கொண்டு கடலுக்கு இருபது கல் தள்ளி மிளகாய் போடுகிற மனிதர். உள்ளே வரவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

"அவுக ஊமைக்கோட்டான் டாக்டரம்மா" என்றாள் பூமயில். "நானாக் கேட்டாத்தான் வாயத் திறப்பாக."

கம்பி கட்டுவதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாத கணவன் என்றால் உள்ளுக்குள் பிடிக்காத கணவன் என்று நான் முடிவுகட்டினேன். இத்தனை வயதில் பெண்டாட்டிக்கு எதற்குப் பல்லழகு என்று நினைக்கிற ஆள். இந்த முடிவுக்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியெல்லாம்.

"ஆராய்ச்சி எதுவும் இல்ல பூமயில்" என்றேன். "அதனால நாமளே ஒண்ணு பண்ணிப் பார்ப்போம்."

அவள் பல்லுக்கு அச்சு எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக்கில் பல்மேல் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு உறை செய்தேன். கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் ஒட்டுகிற இடத்தில் அதே அளவுக்குப் பிசின் வைத்து மேடு பண்ணினேன். மாட்டிக்கொண்டால் கம்பி கட்டியது மாதிரி உதட்டில் தட்டும். பல் உள்ளே போன பிறகு குலவை எப்படி இருக்கும் என்பதை இந்த உறை சொல்லாது, கம்பியோடு இருக்கும் இரண்டு வருடத்தைப் பற்றித்தான் சொல்லும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

"சரி, மாட்டிக்கிட்டு ஒரு குலவை போடுங்க, கேப்போம்."

பூமயில் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"இங்கனயா? என்ன விசேசம்னு போடுறது?"

காரணமில்லாமல் குலவை போட முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. பரமக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கே உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

"ஆடியில முளைப்பாரிக்கு முத்துப் பரப்புவோம். விதை போடுற நாளு. அன்னைக்கு ஊருக்கு வாங்க. அன்னைக்கு எத்தனை குலவை போட்டாலும் தப்பில்ல."

நஃபீசாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஏக குஷி. காரில் போகும்போது என் திட்டத்தை அவளுக்கு விளக்கினேன். ஐந்து பெண்கள் கோயில் வேப்பமரத்தைப் பார்த்து, பூமயிலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். நஃபீசா காசைச் சுண்டிப் போட வேண்டும். தலை விழுந்தால் உறை மாட்டிக்கொண்டு குலவை, பூ விழுந்தால் மாட்டாமல். எது என்று நஃபீசா ஒரு சீட்டில் எழுதிக்கொள்வாள், எனக்கும் காட்டமாட்டாள், நானும் பூமயிலுக்கு முதுகு காட்டி நிற்பேன். கேட்கிற ஐந்து பேரும் உறையோடா, உறை இல்லாமலா என்று பேசாமல் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். இதைவிடச் சுத்தமான பரிசோதனையை அந்த வசதியில் யார் செய்துவிட முடியும் என்று மனதுக்குள் எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்னால் ஊரணி. அதன் உயரமான கரைக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி கருவேலமுள் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்கவில்லை. வெட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஐந்து பெண்களையும் உட்கார வைத்தேன். பூமயிலின் கொழுந்தன் மனைவி மாரிச்செல்விதான் அவர்களில் வாயாடி. "நாங்க பரீட்சை எழுதி இருவது வருசமாச்சு டாக்டரம்மா, பாத்துப் போடுங்க மார்க்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பூமயிலும் சிரித்தாள், கை வந்து பொத்தியது.

நஃபீசா காசைச் சுண்டினாள். பூமயில் ஒரு நிமிடம் கழித்து மூச்சை இழுத்துக் குலவையை எடுத்தாள். அதை நான் அதுவரை பக்கத்தில் நின்று கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. அவ்வளவுதான், அடுத்த நொடியே ஐந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு குரலும் ஒன்றாகி வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

"நீங்க போடக்கூடாது" என்றேன். "நீங்க கேட்கணும். கேட்டுட்டுக் கையைத் தூக்கணும்."

"மறந்துட்டோம் டாக்டரம்மா."

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை மாரிச்செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. முந்தானை கீழே விழுந்தது, நாக்கு ஆடியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"முடியாது டாக்டரம்மா" என்றாள் மாரிச்செல்வி, மன்னிப்புக் கேட்கிற குரலில். "ஒத்தைக் குலவை விடக்கூடாது. ஒருத்தி எடுத்தா கேட்டவ சேந்துக்கிறணும். தனியா விட்டா அவ குடும்பத்துக்கு ஆகாது. அவ எங்க வீட்டுப் பொம்பள, நாங்க எப்படி விடுவோம்?"

நான்காவது தடவையும் அப்படியே முடிந்தது. ஐந்து பேரிடமும் கேட்டேன். எதில் உறை இருந்தது, எதில் இல்லை? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

என் சுத்தமான பரிசோதனை மண்ணாகிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நஃபீசாவைப் பார்த்தேன். அவள் பூமயிலைப் பார்க்கச் சொல்லிக் கண் காட்டினாள்.

பூமயிலின் முகம் வாடிப்போயிருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பன்னெண்டு வருசமா மொதக் குலவை எடுக்கேன்" என்றாள் மெதுவாக. "என் குலவைய யாரும் தனியாக் கேட்டதே இல்லையா அப்ப?"

மாரிச்செல்வி அவள் கையைப் பிடித்தாள். பூமயில் கையை உருவவும் இல்லை, பற்றவும் இல்லை. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சந்தேகத்தோடு வந்தவளுக்கு அதைத் தீர்த்து வைக்காமல், அவளிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டேன். கம்பி கட்டினால் குலவை போய்விடுமோ என்று பயந்தவளிடம், உன் குலவை இருந்ததே யாருக்கும் தெரியாது என்று ஐந்து சாட்சியோடு காட்டிவிட்டேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். நிச்சயமில்லாத எதையும் சொல்லிப் பழகாத வாயில் ஒன்றும் வரவில்லை.

அப்போது தனுஷ்கோடி கரை ஏறி வந்தார். தண்ணீர் குடிக்கத்தான் வந்தார். குடத்தில் மொண்டு குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். பூமயிலின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. யாருக்கும் வித்தியாசம் தெரியலையாம்."

"தெரிஞ்சுச்சே" என்றார் அவர்.

நான் திரும்பினேன். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மொதக் குலவையில வாயில என்னமோ வச்சிருந்தா. ரெண்டாவதுல இல்ல. மூணாவதுலயும் இல்ல. கடைசில மறுபடி வச்சிருந்தா."

நஃபீசா சீட்டைப் பிரித்தாள். படித்தாள். என் கையில் கொடுத்தாள். மாட்டி, மாட்டாமல், மாட்டாமல், மாட்டி. நான்கும் சரி.

"ஆறு பேரு சேந்து போட்டாங்களே" என்றேன். "அதுல இவங்க குரல் உங்களுக்கு எப்படித் தனியாத் தெரியும்?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போல. கொஞ்சம் யோசித்தார்.

"களையெடுப்புக்குப் போனா நாப்பது பொம்பளைக குனிஞ்சு கிடப்பாக. எல்லாருக்கும் தலையில துண்டு. கஞ்சி கொண்டுபோனா எவ என் பொண்டாட்டின்னு வரப்புல நின்னு தேட முடியாது. குலவை எங்கன எடுக்குதோ அங்கன போவேன். கல்யாணமான வருசத்துலருந்து அப்படித்தான்."

பெண்கள் யாரும் கேலி பண்ணவில்லை. மாரிச்செல்விகூட. பூமயில் கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் இந்த மனிதரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததை நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்ன வித்தியாசம் தெரிஞ்சுச்சு?" என்று பூமயிலே கேட்டாள்.

"முடிக்கிற இடத்துல நாக்கு நிக்குது. மேட்டுல வண்டி நின்னு ஏறுமே, அந்த மாதிரி."

"அப்ப மாறும்" என்றாள் அவள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் இடத்தில் நானாக இருந்தால், இந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லையில்லை ஒன்றும் மாறாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் "ஆமா" என்றார்.

"எது நல்லாருந்துச்சு?"

"நல்லது கெட்டது எனக்கென்ன தெரியும்" என்றார் தனுஷ்கோடி. "நாலும் நீதான."

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கரை இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெட்டுகிற சத்தம் கேட்டது.

நான் உடனே டாக்டராகிவிட்டேன். ஒரே ஒரு ஆள், நான்கே நான்கு தடவை. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் பதினாறில் ஒரு தடவை இப்படி நான்கும் சரியாக அமைந்துவிடும் என்று விளக்கினேன். இது பலவீனமான ஆதாரம்தான், இன்னொரு நாள் வந்து அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு இருபது தடவை பண்ணிப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம் என்றேன். அப்போதும் கம்பியோடு இருக்கும்போது எப்படி என்றுதான் தெரியும். பல்லை எடுத்து, முன்பல் உள்ளே போன பிறகு எப்படி ஆகும் என்பது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றேன்.

பூமயில் நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள். உறையை நஃபீசாவிடம் கொடுத்தாள்.

"இருவது தடவையெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா" என்றாள். "பல்லு எடுக்க என்னைக்கு வரணும்னு சொல்லுங்க."

"மாறலாம்னு சொல்றேனே. அதுக்குத்தானே பயந்தீங்க?"

"மாறுனா மாறட்டும்" என்றாள். வெட்டுகிற சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எப்படி மாறுனாலும் அவுகளுக்குத் தெரியும்."